மாடு பார்ப்பதுபோல் கார் பார்த்தோம்

எங்கள் குடும்பத்தில் ஆங்கிலப் புத்தகம் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து வாசித்தவள் நான் ஒருத்திதான். கடைசிப் பக்கம் வரை என்று சொல்ல முடியாது. அந்தப் புத்தகத்துக்கு அட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. கார் எஞ்சினைப் பற்றிய பழைய புத்தகம். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பரீட்சை பாஸ் பண்ணியதற்கு மாமி தந்த ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீரைக் கைலேஞ்சியில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு, கிணற்றடிக்குக்கூட அப்படித்தான் போவேன்.

அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு, மாட்டுவண்டிச் சவாரியோடு கார்ச் சவாரியும் வைப்பதாக ஊர் விளையாட்டுக் கழகம் அறிவித்தது. இடம் அதே தரவைதான். ஊருக்கு வெளியே புல்லும் புழுதியுமாகக் கிடக்கும் வெறும் நிலம். ஒரு முனையில் தொடங்கி மற்ற முனைக்கு நேராக ஓடவேண்டும்.

ஐயா வெங்காயம் செய்கிற கமக்காரன். இரண்டு சவாரி மாடுகள் வைத்திருந்தார். தன் வளவிலிருந்து ஒன்றும் ஓடாத சவாரியை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஆகவே கார் வாங்குவது என்று முடிவாயிற்று. காரை நான் தெரிந்தெடுப்பேன், நானே ஓட்டுவேன் என்றேன்.

அண்ணை சிரித்தார். "எடி, நீ சைக்கிளிலையே வேலிக்குள்ளை போறவள்."

"சைக்கிளுக்குப் புத்தகம் இல்லை. காருக்கு இருக்கு."

ஐயா வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சொன்னார். "சரி, பிள்ளை தெரிஞ்செடுக்கட்டும், பிள்ளையே ஓட்டட்டும். ஆனா கார் மற்றக் கரைக்குப் போய்ச் சேரவேணும். நடுவிலை நிண்டால் இந்த வீட்டிலை இனிப் புத்தகக் கதை இல்லை. ஓமோ?"

"ஓம் ஐயா," என்றேன்.

நீர்வேலியில் ஒருவரிடம் இரண்டு கார்கள் விலைக்கு இருந்தன. முற்றத்தில் நின்றது பச்சை. தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து, மாப்பிள்ளை மாதிரிப் பளபளத்தது. மற்றது வாழைகளுக்குப் பின்னால் நின்றது. அதன் பின் சீற்றில் ஒரு கோழி அடைகிடந்தது.

ஐயா மாடு பார்ப்பதுபோலவே பார்த்தார். பச்சைக் காரின் விலாவில் தட்டினார். குனிந்து முன்பக்கத்தைப் பார்த்து, "பல்லெல்லாம் இருக்கு," என்றார். பிறகு வாழைத்தோட்டத்துக் காருக்குப் போய், சுழி இருக்கிறதா என்று சுற்றிவந்தார். கூரையில் ஒரு பள்ளத்தைக் கண்டதும் முகம் மாறியது.

"உந்த இடத்திலை சுழி இருந்தால் வீட்டுக்காரனுக்கு ஆகாது."

"அது தேங்காய் விழுந்த பள்ளம் ஐயா," என்றார் கார்க்காரர்.

நான் புத்தகத்தைத் திறந்தேன். எஞ்சினை இயக்க முன்னால் கைபிடி போட்டுச் சுழற்றும்போது எதிர்த்துத் தள்ளுகிற எஞ்சின்தான் நல்ல எஞ்சின் என்று அதில் இருந்தது. அண்ணை பச்சைக் காரைச் சுழற்றினார். கிணற்றுக் கப்பிபோலச் சுகமாகச் சுற்றியது. அடுத்து வாழைத்தோட்டத்துக் கார். அரைச் சுற்றுத்தான். கைபிடி திருப்பி உதைத்ததில் அண்ணை வாய்க்காலுக்குள் இருந்தார்.

"இதுதான்," என்றேன்.

"இதுதான்," என்றார் ஐயாவும் அதே நேரத்தில். "உதைக்கிற மாடுதான் ஓடும்."

புத்தகமும் ஐயாவும் ஒத்துப்போனது அந்த ஒரு முறைதான். கோழி விலைக்குள் இல்லை என்று கார்க்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். பச்சைக் காரை மறுநாளே எங்கள் சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரர் வாங்கினார். சவாரிக்கு வந்தவை இந்த இரண்டும்தான்.

வேகமாக ஓட வேண்டிய கார் பாரம் குறைந்திருக்கவேண்டும் என்று புத்தகம் சொன்னது. கழற்றத் தொடங்கினோம். கதவுகள் ஆட்டுக்கொட்டிலுக்குப் போயின. பின் சீற்றை அம்மா விறாந்தையில் போட்டு, வருகிறவர்களை அதில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். சக்கரத்துக்கு மேலிருந்த தகடுகளில் கோழிகள் தண்ணீர் குடித்தன. கார் மெலிய மெலிய வீடு கொழுத்தது. கடைசியில் நான்கு சக்கரம், ஒரு எஞ்சின், தேங்காய்ப் பள்ளத்தோடு கூரை, நான் இருக்க ஒரு சாக்குமெத்தை, இவ்வளவுதான் மிஞ்சின. ஒரு மாதம் பக்கத்துத் தரிசு நிலத்தில் ஓட்டிப் பழகினேன். வேலிக்குள் போனது இரண்டு தரம்தான்.

அப்போது யுத்தத் தடையால் பெற்றோல் என்பது மருந்துபோலச் சொட்டுக் கணக்கில் கிடைக்கிற பொருள். கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. முதலில் சில சொட்டுப் பெற்றோல் விட்டுப் பிடிக்கவைக்கவேண்டும். எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு தன்பாட்டில் ஓடும். என்னிடம் ஒரு ஊசிமருந்துக் குப்பியில் கடைசிப் பெற்றோல் இருந்தது.

சவாரி நாள் பின்னேரம் அதை விட்டு எஞ்சினை இயக்கினேன். பிடித்தது. சூடாகட்டும் என்று ஓடவிட்டுவிட்டு உடுப்பு மாற்றப் போனேன். தலைக்கு ரிபன் கட்டிக்கொண்டு வெளியே வந்தால் முற்றம் வெறுமையாக இருந்தது.

தரவைக்கு ஓடினேன். வேப்பமர நிழலில் கார் நின்றது. முன்னால் ஒரு கயிறு. பக்கத்தில் ஐயாவின் இரண்டு மாடுகளும் அவிழ்த்தபடி நின்றன. எஞ்சினின் மேல் ஈரச் சாக்கு.

"ஐயா, என்ன செய்தனீங்கள்?"

"வீட்டிலை நிண்டு சும்மா கத்திக்கொண்டிருந்தது பிள்ளை. ஓட முந்தியே களைச்சுப் போகும். நிப்பாட்டி, மாட்டிலை கட்டி இழுத்துக்கொண்டு வந்தனான். ஓடப்போற மாட்டை ஆர் நடத்திக்கொண்டு வாறது? தண்ணியும் தெளிச்சுவிட்டனான்."

சாக்கைத் தூக்கி எஞ்சினைத் தொட்டேன். பானைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. குப்பியில் ஒரு சொட்டும் இல்லை. ஒலிபெருக்கி எங்களைத் தொடக்கக் கோட்டுக்கு அழைத்தது. பச்சைக் கார் புகைத்துக்கொண்டு தயாராக நின்றது.

அண்ணை காதுக்குள் சொன்னார். "புத்தகத்தை இப்பவே தாறியோ, வீட்டை போய்த் தாறியோ?"

வேர்த்த முகத்தைத் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்தேன். வாசம் மூக்கில் ஏறியது. ஓடிக்கொலோனின் நீலப் போத்தல் எப்போதும்போல என் கைப்பைக்குள் இருந்தது. விளக்குக்குக் கிட்டக் கொண்டுபோகாதே, பற்றிக்கொள்ளும் என்று மாமி சொல்லித்தான் தந்தவர். மூடியைத் திறந்து அரைப் போத்தலை எஞ்சினுக்குள் விட்டேன். மாமி பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

"சுழற்றுங்கோ அண்ணை."

மூன்றாம் சுற்றில் எஞ்சின் தும்மியது. நான்காம் சுற்றில் பிடித்தது. தரவை முழுக்கக் கலியாண வீட்டு வாசம். ஒலிபெருக்கிக்காரர் பேச வந்ததை மறந்து இழுத்து மூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது.

கொடி விழுந்தது. பச்சைக் கார் முதலில் பாய்ந்தது. என்னுடையது விக்கி விக்கிப் போனது. இடையிடையே சத்தம் குறையும்போதெல்லாம் என் கால்கள் தாமாகவே பூமியைத் தள்ளப் பார்த்தன. கதவு இல்லாத கார் என்பதால் அதுவும் முடிந்திருக்கும். பாதித் தூரத்தில் எஞ்சின் சூடாகி மண்ணெண்ணெயைக் குடிக்கத் தொடங்கியது. பச்சைக் கார் கறுப்பாகப் புகைவிட்டுத் தளர்ந்தது. அதை எட்டிப் பிடித்தேன், கடந்தேன். முன்னால் வெறும் புழுதி. வென்றுவிட்டேன் என்று நினைத்த அந்தக் கணத்தில் வலப்பக்கத்தால் இரண்டு கொம்புகள் போயின.

ஐயாவின் மாடுகள். சனம் கத்துகிற சத்தம் கேட்டால் அந்தத் தரவையில் என்ன செய்யவேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். கயிறும் இல்லை, வண்டியும் இல்லை, சுகமாக ஓடி எனக்கு முன்னால் கோட்டைத் தாண்டிவிட்டன.

சில்வர் குடத்தை யாருக்குக் கொடுப்பது என்று கழகத்தார் குழம்பிப்போய் நின்றார்கள். மாடுகளின் பெயர் கார்ச் சவாரியில் பதியப்படவில்லை என்று தேத்தண்ணிக் கடைக்காரர்தான் நியாயம் சொன்னார். குடத்தை என் கையில் தந்தார்கள்.

ஐயா புழுதிக்குள்ளால் நடந்து வந்தார். முதலில் மாடுகளின் நெற்றியைத் தடவினார். பிறகு காரின் நெற்றியையும் தடவினார். நான் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை, காரை இழுத்துக்கொண்டு வரக்கூடாது எண்டு உதிலை போட்டிருக்கோ?"

"இல்லை ஐயா. அப்பிடி ஒண்டும் இல்லை."

அட்டையில்லாத புத்தகத்தை வாங்கி, தலைகீழாகத் திருப்பி, கிழிந்த பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கடைசிப் பக்கங்களிலை இருந்திருக்கும்," என்றார். "அடுத்த முறை முழுசா ஒண்டு வாங்கு."