குமரவேலுக்குப் பெங்காலி தெரியாது

லேக் கார்டன்ஸ் சந்தில் குமரவேலின் கடைக்கு அப்பளமும் காபித்தூளும் வாங்கத்தான் ஆட்கள் வந்தார்கள் என்று நினைத்தால் தப்பு. பாதிப்பேர் அவன் பேச்சைக் கேட்க வந்தார்கள். அப்பா தூத்துக்குடிக்காரர், இவன் பிறந்ததே இந்தப் பெங்காலி ஊரில்தான். தமிழில் திணறுவான், பெங்காலியில் வெளுத்துக் கட்டுவான். மீன் விலையில் தொடங்கி மந்திரி வரை ஒருவரையும் விடமாட்டான்.

தெருமுனை இளைஞர் க்ளப் ஆளுங்கட்சியின் கைக்குப் போனபின் கடைக்குக் கடை கொடி ஏறியது. ஊர்வலத்துக்குக் கடையடைக்கச் சொன்னால் அடைத்தார்கள். பேச்சு மீன் விலையோடு நின்றுகொண்டது.

பள்ளிக்கூட டீச்சர் மேக்னா மட்டும் அடங்கவில்லை. தெருவிலிருந்த குளத்தை மூடி க்ளப்புக்குக் கட்டடம் எழுப்புவதை எதிர்த்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாள். ஒரு சாயங்காலம் குமரவேலின் கடை வாசலிலேயே அவளை அடித்தார்கள். "கையை உடைங்கடா, அப்புறம் எப்படிக் கையெழுத்து வாங்குறாள்னு பாப்போம்" என்று க்ளப் செக்ரட்டரி பாப்பன் பெங்காலியில் கத்தியது, கல்லாவில் இருந்த குமரவேலின் காதில் தெளிவாக விழுந்தது. கை உடைந்தது. தெருவில் மற்ற எல்லோரும் அந்த நேரம் வீட்டுக்குள் இருந்ததாகச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கென்று மிஞ்சிய சாட்சி குமரவேல்தான்.

மறுநாள் பாப்பன் வந்தான். முறுக்கு டப்பாவைத் தானே திறந்து ஒன்றைக் கடித்தான். அண்ணன் என்ற மரியாதைக்கு, பேரோடு 'தா' சேர்த்துத்தான் கூப்பிட்டான்.

"குமார்தா, நீ மதராஸி. நாங்க பெங்காலியில என்னத்தையோ கத்தினோம். உனக்கு என்ன புரிஞ்சிருக்கும்?"

"எனக்கா?"

"உனக்குத்தான். ஆமா, உன் பொண்ணு எந்த வழியா ஸ்கூலுக்குப் போறா?"

போலீஸ் வந்தபோது குமரவேல் ஹிந்தியில் பதில் சொன்னான். கூட்டத்தில் அடித்தது யாரென்று பார்க்கவில்லை, கத்தியதும் புரியவில்லை, தனக்குப் பெங்காலி வராது என்றான். எழுதிக்கொண்டு போனார்கள்.

"பயந்தீங்க, சரி. நானும் வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன்" என்றாள் மனைவி கல்யாணி. "ஆனா நம்ம அனன்யாவுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்தது அவங்கல்லா?"

"தெரியும். சோத்தைப் போடு."

சொன்ன பொய்யில் குடியிருக்க வேண்டியதாயிற்று. க்ளப் பையன்கள் கடை பெஞ்சில் முறைவைத்து உட்கார்ந்தார்கள். பெங்காலியில் அவன் அம்மாவை அசிங்கமாகத் திட்டிவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். அவன் புரியாதவன்போல இளித்தபடி, என்ன தம்பி என்று ஹிந்தியில், "க்யா பாய்?" என்பான். "பலே! நல்லா நடிக்கிறான்டா" என்று தொடை தட்டுவார்கள். அனன்யா கடைக்கு வந்து பெங்காலியில் வாய் திறந்தால், "தமிழ்ல பேசு" என்று சீறுவான். பழைய ஆட்கள் சாமான் வாங்கியதும் நடையைக் கட்டினார்கள்.

சாட்சி இல்லையென்று வழக்கு தள்ளுபடியானது.

அதற்குப் பின் ஒருநாள் மேக்னா கடைக்கு வந்தாள். கை கோணலாகக் கூடியிருந்தது. பெஞ்சில் பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள். டீச்சர்களைக் கூப்பிடுகிற "தீதிமணி" என்ற சொல் குமரவேலின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் முந்திக்கொண்டாள். நேற்று ரயிலிறங்கியவனிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்தி, ஹிந்தியில் கேட்டாள்.

"பாயி சாப், காபி பவுடர் ஹை?"

"ஹை, மேடம்" என்றான் குமரவேல்.