சகலனின் கம்பனிக் கார்

என் சகலன், அதாவது மனைவியின் தங்கை புருசன், புவாண்ட்-கிளேர் என்ற புறநகரில் ஒரு கம்பனியின் விற்பனைப் பகுதியில் சேர்ந்தான். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவனுக்குக் கார் கொடுத்துவிட்டார்கள். நான் அப்போது டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரண்ட் சமையலறையில் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கொடுத்தது ஒரு ஏப்ரன். அதையும் வீட்டில் நானே தோய்க்க வேண்டும்.

காரை நேரே கோயிலுக்குக் கொண்டுபோனான். கம்பனியின் பெயர் எழுதிய கதவிலேயே சந்தனமும் குங்குமமும் பூசி, நாலு சில்லுக்குக் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசித்தான். 'கம்பனிக்காரன்ர காருக்கு உனக்கென்ன பூசை?' என்று வாய்வரை வந்தது. பக்கத்தில் என் மனைவி அந்தக் கதவைத் தடவிக்கொண்டு நின்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு எவர் வீட்டுச் சாமத்தியச் சடங்கு என்றாலும், எவருடைய அம்மா விமானநிலையத்தில் வந்து இறங்கினாலும், சகலனின் கார்தான். ரொறன்ரோ கலியாணங்களுக்கும் அதே. "பெற்றோல் கம்பனிதான் போடுது, ஏறுங்கோ அண்ணை" என்பான். நான் ஏறமாட்டேன். ஒருமுறை மனைவியையும் பிள்ளையையும் அவனோடு அனுப்பிவிட்டு, நான் பஸ்ஸில் போய், தாலி கட்டி முடிந்த பிறகு மண்டபத்துக்குள் நுழைந்தேன். வீம்புதான்.

அடுத்த வருடம் வரிக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"அண்ணை, கார் சும்மா தரேல்லையாம். சொந்தத் தேவைக்கு ஓடினது சம்பளம் மாதிரியாம். கம்பனி அதை என்ர சம்பளத்தோட சேர்த்துக் காட்டியிருக்கு. மத்தியும் மாகாணமும் எண்டு ரெண்டு அரசாங்கமும் வரி கேக்குது."

"வேலைக்கு ஓடினது எவ்வளவு, வீட்டுக்கு ஓடினது எவ்வளவு எண்டு எழுதி வைக்கேல்லையோ?"

"கோயிலுக்கும் கலியாணத்துக்கும் போறதை ஆர் அண்ணை எழுதுறது?"

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஊரையே ஏற்றி இறக்கினான் அல்லவா, கட்டட்டும். கவலைப்படுகிறவன்போல முகத்தை வைத்துக்கொண்டு, "பேசாமல் காரைத் திருப்பிக் குடும்" என்றேன். அவன் யோசித்தான். கொடுத்துவிட்டால் அவனும் என்னைப்போல மெற்றோவில் தொங்குவான். என் மனைவிக்கு எங்கள் இருவரையும் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

"இல்லை அண்ணை, கட்டுவம். உப்பிடி ஒரு கார் நான் வாங்கப் போனா இதைவிட எவ்வளவோ போகும்" என்றவன், தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கார்த் திறப்பை ஆட்டியபடி படியிறங்கினான்.

கதவைச் சாத்தியதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாத்தியே? கார், கார் எண்டு துள்ளினவர். இப்ப வரி!"

மனைவி அவன் குடித்த கோப்பையை எடுத்தாள்.

"அவருக்கு ஒண்டைக் குடுத்திட்டு அதுக்கு வரி கேக்கிறாங்கள். உங்களுக்கு என்னத்தைக் குடுத்தவங்கள், வரி கேக்கிறதுக்கு?"

அதுவரை எனக்கு அவனுடைய காரில்தான் பொறாமை. அன்றிலிருந்து அவன் கட்டுகிற வரியிலும்.