பேச்சு நின்றால் நிற்க வேண்டும்

மண்ணூர் தேவராஜனுடைய வேலை பேசுவது. ஒரகடத்தில், கார்களுக்குக் கதவும் கூரையும் அழுத்தித் தரும் தொழிற்சாலையில் பல வருடங்களாக அதைத்தான் செய்கிறான். தகட்டை அழுத்தும் இரும்பு அச்சுக்கு அங்கே டை என்று பெயர். ஒரு டை, சரக்கேற்றிய லாரி அளவுக்குக் கனக்கும். கதவு முடிந்து கூரைக்கு மாறும்போது டையையும் மாற்ற வேண்டும். அதைத் தூக்கி இறக்குவது கிரேன். கிரேனை ஓட்டும் கோதண்டம் தொழிற்சாலைக் கூரையோரத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பான். அங்கிருந்து பார்த்தால் டையின் முதுகு தெரியும், அடி தெரியாது. கீழே நிற்கும் தேவராஜன் வாக்கி-டாக்கியை வாயருகே பிடித்து, "எறக்கு, எறக்கு, எறக்கு, மெதுவா, மெதுவா, இன்னும் ஒரு வெரக்கட, எறக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பான்.

விடக்கூடாது என்பதுதான் முறை. மற்ற இடங்களில் 'நில்' என்று சொன்னால் கிரேன் நிற்கும். இவர்களிடம், பேச்சு நின்றாலே கிரேன் நிற்கும். கீழே இருப்பவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் 'நில்' என்று யார் சொல்வது? தேவராஜனுக்கு முன்பு அந்த இடத்தில் நின்ற நம்பிராஜனுக்கு அப்படித்தான் ஆயிற்று. கால் மாட்டியபோது அவனுக்குக் குரல் வரவில்லை. மேலே இருந்தவன் 'நில்' வரட்டும் என்று இறக்கிக்கொண்டே இருந்தான். நம்பிராஜன் இப்போது மணிமங்கலத்தில் ஊன்றுகோலோடு பெட்டிக்கடை வைத்திருக்கிறான். அவன் போன பிறகு தேவராஜனும் கோதண்டமும் பேசி வைத்துக்கொண்ட முறை இது. டை உட்கார்ந்து கொக்கியைக் கழற்றியதும் "வுட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். அது காதில் விழுந்தபிறகே கோதண்டம் லீவரிலிருந்து கையை எடுப்பான்.

இதையெல்லாம் தேவராஜன் வீட்டிலும் சொல்லியிருந்தான். "என் பேச்சு நடுவுல நின்னுதுன்னா, எனக்கு இன்னாமோ ஆயிட்சின்னு அர்த்தம்" என்று பெருமையாகவே சொல்வான். சோறு போட்டுக்கொண்டே அதைக் கேட்ட காந்திமதி, "வாய வெச்சி சம்பாரிக்கிற ஆளு நீ ஒருத்தன்தான்யா" என்பாள். அவளுக்கு, கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை. புகையை இழுக்கும் பெரிய ஃபேனின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி அவள் குரல் எப்போதும் எட்டு வீட்டுக்குக் கேட்கும்.

ஒரு வருடம் விபத்தே இல்லாமல் ஓடியதற்காக அந்தப் பகுதி ஆட்களைக் குடும்பத்தோடு கப்பலில் அழைத்துப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. சென்னைத் துறைமுகத்தில் ஏறிக் கடலுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அங்கேயே வந்து இறங்குவது. காந்திமதி அதுவரை ஏறிய பெரிய வண்டி திருப்பதி பஸ்தான். ஹாஸ்டல் பெண்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, கல்யாணத்துக்கு எடுத்த காஞ்சிபுரம் பட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கப்பலுக்குள் போன சற்று நேரத்திலேயே தொலைந்துபோனாள். எந்தத் தளத்துக்குப் போனாலும் ஒரே நீளத்துக்கு ஒரே மாதிரி கதவுகள், ஒரே கம்பளம். பலகைகள் எல்லாம் ஆங்கிலம். கரை மறைந்ததும் போனும் செத்துவிட்டது. தேவராஜன் தேடிக் கண்டுபிடித்தபோது அவள் யாரோ ஒரு வடக்கத்திக் குடும்பத்தின் அறை வாசலில் உட்கார்ந்து அவர்கள் குழந்தைக்கு முறுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்ற இங்க?"

"நம்ப ரூமுன்னு கதவத் தட்னேன். உள்ள வேற ஆளு. சரி, எப்டியும் தேடிக்கினு வருவேன்னு குந்திக்கினேன்."

நிர்வாகப் பிரிவிலிருந்து கூட வந்திருந்த ரகுவுக்கு இது முன்பே தெரிந்திருந்தது போல. கப்பல்காரர்களிடம் அனுமதி வாங்கி, ஒரு பை நிறைய சின்ன வாக்கி-டாக்கிகளைக் கொண்டுவந்திருந்தான். குடும்பத்துக்கு இரண்டு கொடுத்தான். தேவராஜன் அவளுக்குப் பொத்தானை அமுக்கக் கற்றுக்கொடுத்தான். மேலே இருக்கும் திருகை ஒரு பக்கம் திருகினால் சத்தம் கூடும். எதிர்ப்பக்கம் கடைசிவரை திருகினால் 'டிக்' என்று அணைந்து, பச்சை விளக்கும் போய்விடும். அவள் திருகைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"நான் பேசப் பேச நீ நட. பேச்சு நின்னா நீயும் நின்னுடு. ஒரு அடி நகரக்கூடாது. நீ நகந்துட்டா நான் எங்கன்னு தேடுவேன்?"

"என்னயும் கிரேனாக்கிட்டியா?" என்று சிரித்தாள்.

பக்கத்தில் நின்ற கோதண்டம், "இல்ல தங்கச்சி, கிரேனுக்கு இம்மாம் வாய் கெடையாது" என்றான்.

அன்று முழுக்க அது அவர்களுக்கு விளையாட்டாகவே இருந்தது. அவள் ஒரு தளத்திலிருந்து பேசுவாள், இவன் இன்னொரு தளத்திலிருந்து வழி சொல்வான். வந்து சேர்ந்ததும் "வுட்டாச்சா?" என்று அவளே கேட்பாள். "வுட்டாச்சு" என்பான்.

மறுநாள் பிற்பகல் மேல்தளத்து அரங்கில் பாராட்டுக் கூட்டம். காந்திமதிக்குத் தலை சுற்றலாக இருந்ததால் அறையில் படுத்திருந்தாள். "நீ முன்னாடி போ. பொடவ கட்டிக்கினு வரேன். வழி சொல்லு" என்றாள். தேவராஜன் முன்வரிசையில் போய் உட்கார்ந்தான். கூட்டம் தொடங்குவதற்குள் இடுப்பில் மாட்டியிருந்த வாக்கி-டாக்கி செட்டிலிருந்து அவள் குரல் வந்தது. தேவராஜன் தாழ்ந்த குரலில் வழி சொல்லத் தொடங்கினான். லிஃப்டில் ஏறு. கண்ணாடிக் கதவு வரும். வெளியே நீச்சல்குளம் இருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு நேராக வா, நேராக வா.

"யோவ்! இங்க ரெண்டு கதவு கீதுயா! எதுல பூர்றது? காத்து வேற பொடவய தூக்கினு போவுது!"

அரங்கம் முழுக்கக் கேட்டது. பின்வரிசைகளில் சிரிப்பு. அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலைத் தலைவர் புருஷோத்தமன் கைகுலுக்க வந்து நின்றார். "யாருப்பா அது, ஹோம் மினிஸ்டரா? நம்ம ஃபேக்டரில இருக்கிற சத்தம் பத்தாதுன்னு கூடவே கூட்டிட்டு வந்துட்டியா?" என்றார். நல்ல மனிதர், வேடிக்கையாகத்தான் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் இன்னும் உரக்கச் சிரித்தார்கள். தேவராஜனுக்குக் காது சூடாயிற்று. சிரித்துக்கொண்டே கையை இடுப்புக்குக் கொண்டுபோய்த் திருகைத் திருப்பினான். 'டிக்' என்றது.

வாசல் பக்கத்தில்தானே இருக்கிறாள், வந்துவிடுவாள் என்று நினைத்தான். இடதுபக்கக் கதவு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அணைத்திருக்கலாம் என்பது அப்போது தோன்றவில்லை.

கூட்டம் தொடங்கியது. முதலில் கோதண்டம் பெயரையும் தேவராஜன் பெயரையும் சொல்லித்தான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். கேடயத்தைக் கொடுத்துவிட்டுப் புருஷோத்தமன் மைக்கை நீட்டினார். "ஒரு வருஷம் ஒரு கீறல்கூட இல்லாம எப்படி ஓட்டுனீங்க? நீங்களே சொல்லுங்க."

தேவராஜன் மைக்கில் பேசிப் பழக்கமில்லாதவன் அல்ல. தைரியமாகவே சொன்னான். "சார், நாங்க பேச்ச நிறுத்த மாட்டோம் சார். கீழ நிக்கிறவன் பேசிக்கினே இருக்கணும். வேல முடிஞ்சா முடிஞ்சுதுன்னு சொல்லணும். சொல்லாம நிறுத்தக்கூடாது. நிறுத்துனா மேல இருக்கிறவன் இன்னான்னு நெனப்பான்?"

பலத்த கைதட்டல். கோதண்டம் தட்டவில்லை. அவன் கண் தேவராஜன் இடுப்பில் இருந்தது. "செட்டுல பச்ச வெளக்கு இல்லியே, தேவா" என்றான் மெல்ல.

தேவராஜன் குனிந்து பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான். காந்திமதி வந்திருக்கவில்லை.

அந்த இடத்திலேயே இறங்கி ஓடியிருக்க வேண்டும். புருஷோத்தமனுடைய கை தோளில் இருந்தது. ரகு, "இங்க பாருங்கண்ணா, சிரிங்க" என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். பிறகு ஆளாளுக்குக் கைகுலுக்க வந்தார்கள். பெரிய மனிதர் கையை எப்படி உதறிவிட்டுப் போவது என்று நின்றான். உதறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் பலமுறை யோசித்தான். ஒன்றும் ஆகியிருக்காது. போட்டோவில் ஒருவன் குறைந்திருப்பான், அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. கடலில் மழை சொல்லிக்கொண்டு வராது. நீச்சல்குளத்தைச் சுற்றிப் போட்டிருந்த நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. எல்லோரும் உள்ளே ஓடியிருந்தார்கள். இரண்டு கதவுகளுக்கு எதிரே, திறந்த தளத்தில், காந்திமதி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். பட்டுப்புடவை உடம்போடு ஒட்டி, தலையில் வைத்த பூ கழுத்தில் தொங்கியது. முந்தானையைத் தலைக்குப் போட்டிருக்கவில்லை. நனையாமல் இருக்கட்டும் என்று அதைச் செட்டைச் சுற்றி மூடி, காதோடு வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள்.

சீருடை அணிந்த ஊழியர் ஒருவர் குடையோடு நின்று அவளை உள்ளே வரச்சொல்லி ஆங்கிலத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள்.

தேவராஜனைக் கண்டதும் அவள் ஓடி வரவில்லை. முதலில் அவனுடைய கால்களைப் பார்த்தாள். கைகளைப் பார்த்தாள்.

"உனுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"எனுக்கு இன்னா ஆவப்போவுது?"

"பேச்சு நின்னுபோச்சுயா. கூப்ட்டு கூப்ட்டுப் பாத்தேன். அந்த நம்பிராஜன் அண்ணன் மாரி இன்னாமோ ஆயிட்சின்னு..." குடையோடு நின்றவரைக் காட்டினாள். "இந்த ஆளுங்கிட்ட எம்புருசன போய் பாருங்கன்னு சொல்றேன், பாஷ புரியல. நானே வரலாம்னா, நீ நகராதேன்னியே."

"பேட்டரி போயிட்சி" என்றான் தேவராஜன்.

யோசிக்காமல் வந்த வார்த்தை. அவள் நீளமாக மூச்சு விட்டாள். பிறகு சிரித்தாள். "பேட்டரியா! நல்லவேள, பேட்டரிதான்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது. கேடயத்தைப் பார்த்ததும், ஈரக்கையைப் புடவையில் துடைக்க முடியாமல் அவன் சட்டையில் துடைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டாள்.

சாப்பிடும்போது கோதண்டத்தின் மனைவி ஜோதியிடம் அதையே வேடிக்கையாகச் சொன்னாள். "பேட்டரி பூட்டுதாம். நான் பைத்தியம் மாரி மழையில நின்னுகினு கீறேன்." ஜோதி சிரித்தாள். கோதண்டம் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் ஒவ்வொரு தடவையும் தேவராஜன் செய்த காரியம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு போயிற்று. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பான். அவள் சிரிக்கும் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிடுவான்.

இறங்கும் நாள் காலையில் ரகு பையோடு வந்து செட்டுகளைத் திரும்ப வாங்கினான். ஒழுங்கான பையன். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைத்தான். தேவராஜனுடையதைத் திருகியதும் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. "சூப்பர்ணா, உங்களுதுல பேட்டரி ஃபுல்லா இருக்கு. இந்த ட்ரிப்புல சார்ஜே போடல, அப்படியும் நிக்குது" என்றான்.

காந்திமதி பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள், தேவராஜனைப் பார்த்தாள். மறுபடி குனிந்து பெட்டியின் ஜிப்பை இழுத்தாள். துணி மாட்டிக்கொண்டிருந்தது. அதைப் பொறுமையாக விடுவித்துவிட்டு இழுத்து மூடினாள்.

கம்பெனி பஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பித் தாம்பரம் தாண்டிப் படப்பையும் வந்துவிட்டது. எட்டு வீட்டுக்குக் கேட்கும் குரலிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பிளாட் போட்ட நிலங்களின் கல் வரிசைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தேவராஜன் தண்ணீர் வேண்டுமா என்றான். வேண்டாம் என்று தலையசைத்தாள். கடைசியில் அவனால் தாங்கமுடியவில்லை.

"எல்லாரும் சிரிச்சாங்க காந்தி. அதான்..."

"தெரியும்" என்றாள். வெளியேயே பார்த்துக்கொண்டு கேட்டாள். "கோதண்டம் அண்ணன் கிரேன்ல இருக்க சொல்லோ, யாருனா சிரிச்சா இப்டித்தான் செட்ட அணச்சிடுவியா?"

முன்சீட்டில் இருந்த கோதண்டம் திரும்பவில்லை.

"மாட்டேன்" என்றான் தேவராஜன்.

வீட்டுக்கு வந்து காந்திமதி ஈரப் பட்டுப்புடவையை உதறிக் கொடியில் போட்டாள். உப்புக்காற்றில் ஜரிகை கறுத்திருந்தது. கேடயம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை.

மறுநாள் ஷிப்டில் கூரை டையை மாற்ற வேண்டியிருந்தது. தேவராஜன் பேசினான். எறக்கு, எறக்கு, மெதுவா, மெதுவா. டை உட்கார்ந்தது, கொக்கியும் கழன்றது. அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். செட்டில் கோதண்டத்தின் குரல் குறுக்கே வந்தது. "தேவா, டை ஒக்காந்து எவ்ளோ நேரமாவுது. இன்னும் யார எறக்கிக்கினு கீற?" தேவராஜன் சுதாரித்து "வுட்டாச்சு" என்றான். கோதண்டம் லீவரிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "வூட்ல பேசுனியா?" என்றான். தேவராஜன் பொத்தானை அமுக்கவில்லை.

ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தால் அவன் வீட்டுக்குப் போன் போடுவது வழக்கம். "கெளம்பிட்டேன்" என்பான். "வா" என்பாள். வைத்துவிடுவார்கள். அன்றும் போட்டான். மணி நெடுநேரம் அடித்தபிறகு எடுத்தாள். "வா" என்று வரவில்லை. குக்கர் விசில் மட்டும் கேட்டது.

"கெளம்பிட்டேன்" என்றான் மறுபடி. வழக்கமாக வைத்துவிடும் இடம் அது. அவன் வைக்கவில்லை. "கேட்டத் தாண்டிட்டேன். டீக்கடையாண்ட வந்துட்டேன். ரோட்டக் கடக்கணும், லாரியா வருது. நிக்கிறேன்." பக்கத்தில் அதே ஷிப்ட் ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருவன், "இன்னாண்ணே, வூட்டுக்கும் சிக்னலா?" என்று கேட்டுச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். தேவராஜனுக்குக் காது சூடாயிற்று. குரலைக் குறைக்காமல், "லாரி போயிட்சி. கடக்கறேன், கடக்கறேன், ஷேர் ஆட்டோவாண்ட வந்துட்டேன்" என்றான்.

அந்தச் சிரிப்பு அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். குக்கர் சத்தம் நின்றது. அடுப்பை அணைத்திருப்பாள்.

"பேட்டரி கீதா?" என்றாள்.

"கீது."

அவள் போனை வைத்துவிடவில்லை. ஆட்டோவில் இடம் பிடித்து உட்கார்ந்த தேவராஜன், பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கப் பார்க்க, மண்ணூர்வரை பேசிக்கொண்டே போனான்.