நான் வெட்டிய கடைசிப் பத்தி

என் எழுத்தை வீட்டில் யாரும் படிப்பதில்லை என்பது 2005 வாக்கில் ஒரு பௌர்ணமி வரைக்கும் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. ஒழிந்த நேரத்தில் ஒரு வார இதழுக்கு நகைச்சுவைக் கட்டுரை. என் பக்கம் வரும் தாளில் என் மனைவி வடகம் காயவைப்பாள். ஆகவே என் எழுத்தால் யாருக்கும் தீங்கில்லை என்று நம்பியிருந்தேன்.

செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர், ஆய்வுக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், காபிக் கடையில் ஒருநாள் மஞ்சளைப் பற்றிப் பேசினார். எனக்குப் புரிந்த வரை விஷயம் இதுதான். உயிரணுவுக்குள் இருக்கும் மரபணுத் தொகுதி ஒரு பெரிய பதிவேடு. புற்றுநோயில் பல சமயம் அதன் எழுத்து அப்படியே இருக்கும். ‘வளர்ந்தது போதும், நிறுத்து’ என்று எழுதிய பக்கம் மட்டும் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். மஞ்சள், பச்சைத் தேயிலை போன்றவற்றிலுள்ள சில பொருள்கள் அந்தப் பசையை இளக்குவதுபோல் தெரிகிறதாம். பக்கம் ஒட்டிக்கொண்ட பதிவேடுகளோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இதெல்லாம் கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் பார்த்தது. நாம் சாப்பிடும் மஞ்சளில் மிகக் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும். மருந்து என்று நம்பி யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது. அதையும் கடைசிப் பத்தியாக எழுதினேன். படித்துப் பார்த்தால் சப்பென்று இருந்தது. அதற்கு முந்தைய பத்தி என் மனைவியின் சாம்பாரைக் கிண்டல் செய்து ஜோராக முடிந்திருந்தது. சாம்பாரிலேயே முடியட்டும் என்று கடைசிப் பத்தியை வெட்டினேன். ஆசிரியர் வெட்டியதல்ல. நானே வெட்டியது.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு பௌர்ணமி மாலை, அடி அண்ணாமலையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா போன பிறகு தனியாக இருந்தாள். வாசலில் கிரிவலம் வருகிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ரவிக்கையின் இடது பக்கம் கக்கம் வரை மஞ்சள் கறை. “இன்னாக்கா, மறுபடியும் நலங்கு வெச்சுட்டாங்களா?” என்றேன். அதைவிட மட்டமான ஜோக் நான் அடித்ததில்லை.

அக்கா தலையைத் தூக்காமல் சொன்னாள். “மார்ல ஒரு கட்டிடா. மொதல்ல பட்டாணியாட்டம் இருந்துச்சு. இப்ப எலுமிச்சங்கா சைசு. மஞ்ச தடவி, வெந்நீர்லயும் கலக்கிக் குடிக்கிறேன்.”

டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன்.

“நீதான் எழுதினியே.”

உள்ளே போய் எடுத்துவந்தாள். என் கட்டுரை. பிளாஸ்டிக் உறை போட்டு, மூலையில் குங்குமம் வைத்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். என் எழுத்தை நம்பிய ஒரே ஆள். கடைசி வரியைப் பார்த்தேன், சாம்பார். 

அதை நம்பாதே, ஒரு பத்தியை விட்டுவிட்டேன் என்று உளறினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். “வாயால நீ ஆயிரம் சொல்லுவே. சின்னதுலருந்து பாக்குறேன். இது அச்சுல வந்தது. நாலு பேர் படிச்சுப் பாத்துத்தானே போடுவாங்க? நீ சொல்றதும் அச்சுல வரட்டும், டாக்டர்கிட்ட வரேன்.”

இதழ் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். வாசகர் கடிதமாக எழுதி அனுப்புங்கள், ஒரு மாதத்தில் பார்க்கலாம் என்றார்கள். கட்டிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மறுநாள் காலை கடை திறந்ததும் டவுனில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் போய் நின்றேன். வெட்டிய பத்தியை எழுதிக் கொடுத்து, கீழே ‘கட்டி உள்ளவர்கள் உடனே டாக்டரிடம் காட்டவும்’ என்று சேர்த்தேன். எத்தனை காப்பி என்றார் அச்சகக்காரர். ஒன்று என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மீந்துபோன பத்திரிகை அட்டை ஒன்றில் அடித்தார். முதல் காப்பி அல்லவா, பழக்கதோஷத்தில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தார். அப்படியே வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். அட்டையைத் திருப்பினாள், பின்பக்கம் பிள்ளையார். இது எந்த அச்சகத்து வேலை என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்க வேண்டும். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இத அப்பவே போட்டிருக்கலாமேடா.”

அவ்வளவுதான். எழுந்து புடவை மாற்றப் போனாள்.

ஆஸ்பத்திரியில் பரிசோதனையெல்லாம் முடிந்து, இடது மார்பை முழுவதும் எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பட்டாணியாக இருந்தபோதே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாமாம். உயிருக்கு ஆபத்து இல்லையே என்று கேட்டேன். ஆபரேஷன் செய்து, மருந்தும் ஏற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். அப்புறம் அக்காவின் மஞ்சளேறிய நகங்களைப் பார்த்தார்.

“இவ்ளோ நாள் மஞ்சள் போட்டுட்டு இருந்தீங்களா? யாரும்மா உங்களுக்குச் சொன்னது?”

நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

“பேப்பர்ல போட்டிருந்தாங்கம்மா.”

“எவன் எழுதினான்?”

“பேரு ஞாபகம் இல்லம்மா” என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை.