மச்சினன் கொடுத்த மாத்திரை

சர்க்கரை வந்த சில வருஷங்களிலேயே மாஸ்டருக்குப் பாதம் எரியத் தொடங்கிவிட்டது. முடிவெட்டும் கடையில் நாளெல்லாம் நின்று பிழைப்பவர். தரையே அடுப்பாகக் கொதித்தது. டாக்டரம்மா என்ன வேலை என்று கேட்டபோது, அறையில் வேறு ஆட்களும் இருந்ததால், உண்மையைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"சின்னதா வியாபாரம். உக்காந்த வேலைதான்" என்றார்.

சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது, அதனால் குறைந்த அளவில் தொடங்குவோம், இரவில் மட்டும் போடுங்கள் என்று ஒரு மாத்திரை எழுதித் தந்தார் டாக்டரம்மா.

மாஸ்டருக்குப் பொறுமை போதவில்லை. மனைவியின் தம்பிக்கும் அதே எரிச்சல், அதே மாத்திரை. அளவுதான் நாலு மடங்கு.

"எனக்கு ரெண்டே நாள்ல கேட்டுச்சு மாமா. உங்களுது கொசுக்கடிக்குக்கூடப் பத்தாது" என்று ஓர் அட்டையை நீட்டினான். மறுநாள் காலையிலேயே அதில் ஒன்றை விழுங்கிவிட்டுக் கடை திறந்தார்.

எரிச்சல் அடங்கியது. கூடவே கண்ணும் சொக்கியது. மளிகைக்கடைக்காரருக்குக் காதோரம் கத்தி வைத்தபோது தலை சுற்றி, கை வழுக்கியது. வெள்ளைத் துணியில் ரத்தம் சொட்டியது. காத்திருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள்.

"நான்தான் அசைஞ்சுட்டேன்" என்றார் மளிகைக்கடைக்காரர், பஞ்சை அழுத்திக்கொண்டே.

அவர் அசையவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மாஸ்டருக்கு. கடையைச் சாத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். தொழிலையும் சொன்னார், மச்சினன் மாத்திரையையும் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

டாக்டரம்மா கோபப்படவில்லை. அவன் சிறுநீரகம் வேறு, உங்களுடையது வேறு. அவனுக்கு மருந்தாகும் அளவு உங்களுக்கு மிகை என்று விளக்கினார். பழைய அளவையே இரவில் தொடரச் சொன்னார்.

"கால் எரிச்சலுக்குத் தடவ, மிளகாய்க் காரம் சேர்ந்த களிம்பு ஒண்ணு குடுக்கலாம்னு இருந்தேன். நல்லவேளை, தொழிலைச் சொன்னீங்க. அந்தக் கையோட யார் கண்ணையாவது தொட்டிருந்தா?"

மாஸ்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

கடையில் உயரமான முக்காலி ஒன்று வாங்கிப் போட்டு, அதில் சாய்ந்தபடி வெட்டப் பழகினார். மெதுவாக எரிச்சல் பாதியானது. மீதி இன்னும் இருக்கிறது. அடுத்த மாதம் மளிகைக்கடைக்காரர் வந்து, வழக்கம்போலக் கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தார். மாஸ்டர் நிதானமாக வெட்டி முடித்தார். ஆனால் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்க்க மட்டும் அவரால் முடியவில்லை.