அறுபத்துநாலு கோரும் ஒரு கரும்பலகையும்

மாதனூர் ஹேமலதாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் வலது காலில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் மிதித்துப் பழகிய கால் அது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாலும், யோசனை வந்துவிட்டால் இன்றைக்கும் தானாக மிதிக்கும். வாரமெல்லாம் ஷூவின் மேல்பாகம் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர் போய்த் தபால்வழிப் படிப்புப் படித்தாள். புருஷன் பிரேம்நாத் கைக்குழந்தையோடு வாசலில் நிற்க, உள்ளே பரீட்சை எழுதினாள். அப்படிப் படித்துத்தான் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறைக்கு வந்து சேர்ந்தாள்.

அங்கே வேலை இதுதான். ஒவ்வொரு தோலையும் படம் பிடிப்பார்கள். ஓட்டை, தழும்பு, உண்ணி கடித்த வடு எல்லாம் விலக்கி, எந்த இடத்தில் எந்தத் துண்டை வெட்டினால் தோல் வீணாகாது என்று கம்ப்யூட்டர் சொல்லும். மாட்டுக்கு மாடு தழும்பு வேறு அல்லவா, அதனால் தோலுக்குத் தோல் புதுக் கணக்கு. அதைப் போடும் புரோகிராமை எழுதியவள் ஹேமலதாதான்.

பழைய கம்ப்யூட்டருக்கு எட்டு கோர். கோர் என்றால், தனியாக உட்கார்ந்து கணக்குப் போடும் ஒரு மூளை. ஆர்டர் ஜாஸ்தியானதும் அது திணறியது. மேனேஜர் மக்பூல் அகமதுவிடம் நச்சரித்து, அறுபத்துநாலு கோர் உள்ள மிஷினை வரவழைத்தாள். உள்ளங்கை அகலச் சில்லுக்குள் அறுபத்துநாலு மூளை. நினைத்தாலே அவளுக்குச் சிலிர்த்தது.

ஆனால் ஓட்டிப் பார்த்தபோது, பழைய மிஷின் டீ மணிக்குள் முடிக்கிற வேலையைப் புது மிஷின் மதியச் சாப்பாடு தாண்டியும் இழுத்தது. எட்டு கோரை மட்டும் விட்டால் வேகமாக ஓடியது. அறுபத்துநாலையும் எழுப்பினால் படுத்துவிட்டது.

மக்பூல் அகமது திரையைப் பார்த்தார். கோருக்கு ஒன்றாக அறுபத்துநாலு பட்டைகள், அத்தனையும் சிவப்பாக நிறைந்து நின்றன.

"எல்லாம் ஃபுல்லாதானே ஓடுது? அப்புறம் இன்னா?"

"பச்சையா இருந்தா நம்ம வேலை நடக்குதுன்னு அர்த்தம் சார். சிவப்புன்னா ஆபரேட்டிங் சிஸ்டம் தன் வேலையைப் பாக்குது."

"தோலுக்கு யாரு வேலை பாக்கறது? பாரும்மா, சனிக்கிழமை வரைக்கும் டைம். இல்லாட்டி மிஷின் வந்த வழியே போவும். நீயும் தையல் லைனுக்கே திரும்பிப் போய்டு. அங்க ஆள் கம்மியா இருக்கு."

கோபமாகச் சொன்னாலாவது பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில், லைனில் பக்கத்து மிஷின்காரியாக இருந்த அமிர்தவள்ளி இடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாடி கம்ப்யூட்டர் மேடம், திரும்ப எங்ககிட்டயே வர்றியாமே? உன் மிஷின் ஊசி உடைஞ்சு கிடக்குது, வந்து மாத்திக்கோ."

"வாயை மூடுக்கா."

"வந்தா ஒரு சொகம் இருக்குது. இப்ப போர்டுகிட்ட நிக்க வேணாம். ஆளுக்கொரு சிலேட்டு குடுத்துட்டாங்க. மணி அடிச்சா மொத்தமா கூட்டிக்கறாங்க."

அந்தப் போர்டை ஹேமலதா மறப்பாளா? லைனில் மொத்தம் தைத்தது எத்தனை என்று ஒருமுறை சண்டை வந்தது. அன்றிலிருந்து, ஒவ்வொரு ஜோடி தைத்ததும் அவரவரே எழுந்து போய்க் கரும்பலகையில் இருக்கும் எண்ணோடு ஒன்று கூட்டி எழுத வேண்டும். முன்னால் நிற்பவள் எழுதாமல் அடுத்தவள் எழுத முடியாது. இருபது பேர் இருந்தவரை சரிப்பட்டது. அறுபது பேரானதும் தைத்த நேரத்தைவிடச் சாக்பீஸுக்கு நின்ற நேரம்தான் அதிகம்.

பஸ் தரையை வலது கால் மிதிக்க ஆரம்பித்தது.

ஆபரேட்டிங் சிஸ்டம் மேஸ்திரி மாதிரி. எந்த ஃபைல் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று ஓர் எண் வைத்திருக்கும்; திறந்தால் ஒன்று கூட்டும், மூடினால் ஒன்று கழிக்கும். ஹேமலதாவோ கம்பெனிப் பழக்கத்திலேயே புரோகிராம் எழுதியிருந்தாள். துண்டின் வடிவத்தில் வெட்டிய பேட்டர்ன் அட்டையை எடுத்தால் வேலை முடிந்த கையோடு அலமாரியில் திருப்பி வைத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் துண்டுக்குத் துண்டு பேட்டர்ன் ஃபைலைத் திறந்து மூடவைத்தாள். அந்த ஓர் எண்ணை மாற்றி எழுத, அறுபத்துநாலு மூளையும் ஒரே கரும்பலகை முன்னால் நின்றிருக்கின்றன.

மறுநாள் காலையிலேயே மாற்றினாள். பேட்டர்ன் ஃபைலுக்குக் கோருக்கொரு பிரதி, ஆரம்பத்தில் ஒருமுறை எடுத்துக்கொண்டால் கடைசிவரை அவரவர் கையிலேயே இருக்கும். தேடிப் படித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுகிறவர்களும் இதே தொல்லையில் மாட்டி, பல இடங்களில் கோருக்கொரு எண் கொடுத்து, தேவைப்படும்போது கூட்டிக்கொள்கிறார்களாம். எந்த தேசத்து ஆட்களோ, ஆம்பூர் தையல் லைனைப் பார்த்ததே இல்லை; அவர்களும் சிலேட்டுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

மக்பூல் அகமது வந்து நின்றார். ஓடவிட்டாள்.

பட்டைகள் பச்சையாக எழுந்தன. மழைக்குப் பிறகு வயலில் பயிர் முளைத்த மாதிரி, திரை முழுக்கப் பச்சை. மிஷினின் காற்றாடி சத்தம் உயர்ந்தது. ஒன்றையொன்று இடிக்காமல், ஒன்றுக்காக ஒன்று நிற்காமல், தழும்பைச் சுற்றித் துண்டுகள் தாமாக வந்து படிந்தன. அவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் முதல் கட்டுத் தோல்களின் கணக்கு முடிந்துவிட்டது.

"ஒரு கோர் போடறதைவிட அறுபத்துநாலு மடங்கா?"

"இல்ல சார். நாப்பது இருக்கும். மிச்சம் அதுங்க ஒண்ணை ஒண்ணு கேட்டுக்கறதுல போவுது. அதை யாராலயும் முழுசா நிறுத்த முடியலையாம்."

அவர் இன்னும் கொஞ்சம் பார்த்தார்.

"லைனுக்கு வேற ஆளைத் தேடணும்" என்றபடி வெளியே போனார்.

ஹேமலதா பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜைக்கு அடியில் வலது கால் அசையாமல் இருந்தது.