வாசல் ஆணியில் தொங்கும் இத்தாலிக் கோட்டு

பிள்ளைகளா, ஆனி மாதம் சாரல் ஆரம்பித்ததும் நீங்கள் மூன்று பேரும் அடித்துக்கொண்டு போர்த்திக்கொள்கிறீர்களே, அந்தக் காப்பிக் கலர் கம்பளிக் கோட்டு, அது நம்முடையது இல்லை. போன வாரம் சின்னவள் அதன் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, “இது யாரு கோட்டுப்பா? நீங்க போட்டு நான் பாத்ததே இல்லியே” என்று கேட்டாள். நான் போட்டால் தரையைக் கூட்டும், அவ்வளவு நீளம். கொம்பில் செய்த பொத்தான், அதில் ஒன்று மட்டும் வேறு நூலில் தைத்தது. ஈரக்காற்று பட்டால் ஆட்டுக்கிடை வாடை அடிக்கும். தென்காசியில் இப்படி ஒரு கோட்டு வேறு வீட்டில் இருக்காது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சின்னவளுக்கு அப்போது பதில் சொல்லாமல் கடைக்குப் போய்விட்டேன். நான் எட்டாவதோடு நின்றவன், ஜவுளிக்கடையில் துணி கிழித்தே வயசு போனவன். எனக்குத் தெரிந்த மட்டில் எழுதி வைக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

கோட்டுக்குச் சொந்தக்காரர் என் அத்தான், அதாவது என் தாய்மாமன் மகன். மாமாவுக்கு வடகரையில் வயலும் தென்னந்தோப்பும் இருந்தன. மகனைப் பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்க வைத்தார். அந்தக் காலேஜுக்கும் இத்தாலியில் ஒரு காலேஜுக்கும் ஓர் ஏற்பாடு. இங்கிருந்து ஒரு மாணவர் அங்கே போய் ஒரு வீட்டில் பிள்ளைபோல் தங்கிப் படிக்க வேண்டும். பிறகு அந்த வீட்டுப் பையன் இங்கே வந்து, இவர் வீட்டில் அதே மாதிரி தங்க வேண்டும். அத்தானுக்கு அந்த இடம் கிடைத்தது. அவர் போனது ரோமாபுரி இல்லை; மலைமேல் கல் மதில் கட்டிய சின்ன ஊர். பெயரை எத்தனையோ தரம் சொன்னார், எங்கள் வாயில் நிற்கவில்லை. அளவில் நம் தென்காசிதான் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அவர் பேசுவதைக் கேட்டால் இந்திரலோகம் அதற்குப் பக்கத்தில் ஒரு குக்கிராமம்.

கப்பல் ஏறுவதற்கு முன்னால் பெரியவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். போன இடத்தில் வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்று பயந்து, என் அக்காவுக்கு, உங்கள் அத்தைக்கு, பரிசம் போட்டுவிட்டார்கள். முறைப்பெண்தானே என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கயிறு கட்டியது அவருக்கென்று நினைத்தார்கள், கட்டுப்பட்டது அவள். எங்கள் வகையறாவில் பரிசப் புடவைக்கு ஒரு முறை உண்டு. அந்தப் புடவையைப் பெண் திருப்பிக் கொடுத்தால் அவள் வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம், சொல் தவறிய பழி பெண் வீட்டுக்கு. அப்படிப்பட்ட பெண்ணை அதற்கப்புறம் எந்த வீட்டிலும் கேட்டு வரமாட்டார்கள். மாப்பிள்ளைக்கு வேண்டாம் என்றால் அவர் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், புடவை பெண்ணுக்கே. பழி அவரோடு போகும், பெண்ணுக்கு வேறு இடம் பார்க்கலாம். அக்காவுக்கு எடுத்தது அரக்குப் பட்டு. எங்கள் கடையில் நான்தான் மடித்துக் கட்டினேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு அத்தான் திரும்பி வந்தார். சித்திரை வெயிலில், தென்காசி ரயிலடியில், இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினார். மாமா மாலையோடு ஓடினார். “பாத்துப்பா, கோட்டு கசங்கும்” என்பதுதான் பெற்ற தகப்பனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. அந்த ஊரிலேயே பேர்போன தையற்காரர் ஒருவர் அளவெடுத்துத் தைத்தது என்றார். அன்றிலிருந்து நமக்கு எதுவும் தெரியாது, நம் ஊரில் எதுவும் சரியில்லை. அங்கே சாயங்காலமானால் ஊரே ஒரு தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சும்மா நடக்குமாம், அது நாகரிகம். நம் ரதவீதியில் நாலு பேர் நடந்தால் வேலைவெட்டி இல்லாத கூட்டம். அங்கே குளிர்காலத்தில் தெருவில் ஏதோ ஒரு கொட்டையைச் சுட்டு விற்பார்களாம், அதன் ருசியைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். என் அம்மா பலாக்கொட்டை சுட்டுக் கொடுத்தால், “இதெல்லாம் மனுஷன் திங்கதா அத்த?” என்பார். தின்றுகொண்டே சொல்வார்.

குற்றாலத்தையும் விடவில்லை. “அருவியில குளிக்கது ஒரு குளியலாடே? ஒருத்தன் தலை அழுக்கு அடுத்தவன் தலையில ஓடுது. சிவிலைஸ்டு நாட்டுல தண்ணியப் பாத்து ரசிப்பான்” என்று என்னிடம் சொன்னார். மாமா முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, “பாத்தா அழுக்குப் போயிருமாலே?” என்று கேட்டார். அத்தான் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பதில் இல்லாத இடத்திலெல்லாம் அவருக்கு ஒரு கைக்குட்டை இருந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். வெளிநாடு போய் வந்தவர் கொஞ்ச நாள் அப்படித்தான் ஆடுவார் என்று நாங்களும் சிரித்தோம். ஆனால் கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் ஆளைக் காணோம். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்று சொன்னால் மாமா வடகரை வயலை அவர் பேருக்கு எழுதமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அக்காவாக வெறுத்து ஒதுங்கட்டும் என்று பார்த்தார். முள்கரண்டி பிடிக்கத் தெரியுமா என்பார். இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்லச் சொல்லி, அவள் சொன்னதும் சிரிப்பார். ஒருநாள் எங்கள் வீட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டு, “இந்தா பாரு, உனக்குப் பிடிக்கலன்னா பொடவையத் திருப்பிக் குடுத்துரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்” என்றார். பெரிய மனசு! அவர் போனபின் அக்கா தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “கேட்டியாடே? எனக்குப் பிடிக்கலன்னாலாம். வேண்டாம்னு சொல்லதுக்குக்கூட அவருக்கு ஒரு ஆளு வேணும்.”

அந்த ஆனியில் இத்தாலிக்காரப் பையன் வந்து சேர்ந்தான். ஒரு வருஷம் அத்தானுக்குப் படுக்கை போட்டுச் சோறு போட்ட வீட்டுப் பிள்ளை. ஏற்பாட்டின்படி மாமா வீட்டில் தங்க வேண்டியவன். ஆனால் அத்தான் அவனை வீட்டுக்குக் கூட்டி வரவே இல்லை. கக்கூஸ் சரியில்லை, அப்பா சட்டை போடுவதில்லை, வாசலில் மாடு கட்டியிருக்கிறது என்று சொல்லிக் குற்றாலத்தில் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்து அங்கேயே வைத்திருந்தார். மாமாவுக்கு முகம் செத்துப்போயிற்று. “அவுஹ வீட்டுல நம்ம பிள்ள தின்னுருக்கான். அந்தப் பிள்ளைக்கு நம்ம வீட்டுல ஒருவேளை எலை போடாண்டாமா?” என்று புலம்பினார். பிறகு, “அவன் இங்கன வரலன்னா நம்ம அங்கன போவோம்” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றுச் சட்டி, குழம்புத் தூக்கு எல்லாவற்றோடும் எங்கள் குடும்பத்தையும் சேர்த்து வண்டி கட்டிக் கிளம்பினார். மாமன் வீட்டு விருந்து என்பதால் அக்கா முறைப்படி பரிசப் பட்டைத்தான் உடுத்தியிருந்தாள்.

பங்களாவிலிருந்து பையனையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு போய் ஐந்தருவியில் இலை போட்டோம். பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரசத்தைக் கையால் அள்ளக் கற்றுக்கொண்டு, சட்டையெல்லாம் வழியவிட்டுச் சிரித்தான். அதற்கு முன்னால் எண்ணெய் தேய்க்கிறவரிடம் முதுகைக் கொடுத்து, அருவிக்குள் போய்க் கூச்சல் போட்டுக் குளித்துவிட்டு வந்திருந்தான். நம் அத்தானோ சாரலில் கோட்டும் குடையுமாக ஒரு பாறைமேல் நின்றார். பையன் கைகழுவி வந்து, அந்தக் கோட்டின் கைப்பக்கத்தைப் பாசமாகத் தடவிப் பார்த்து என்னிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். செத்துப்போன தன் தாத்தாவின் கோட்டு, இவர் குளிரில் நடுங்குகிறார் என்று பாட்டி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், அறுந்திருந்த பொத்தானையும் அவளே தைத்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கே அவ்வளவும் விளங்கிற்று. பேர்போன தையற்காரர் கதை சொன்ன அத்தான் குடையைச் சரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மாமாவுக்கு அதெல்லாம் கவனமில்லை. நாலு பேர் இருக்கிற இடம், பையன் சந்தோஷமாகச் சாப்பிட்டிருக்கிறான், மனசு நிறைந்திருக்கிறது. வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அப்பம் ஆவணியில முகூர்த்தம் பாத்துருவமா?” என்றார். அத்தான் அக்காவைப் பார்த்தார். நீ சொல்லேன், நீ சொல்லித் தொலையேன் என்று கெஞ்சுகிற பார்வை. இன்றைக்கும் அந்த முகத்தை நினைத்தால் எனக்குக் குமட்டும்.

“அத்தான் வாயால சொல்லட்டும் மாமா. நான் கேட்டுக்கிடுதேன்” என்றாள் அக்கா.

“அவளுக்கு இஷ்டம்னா பாருங்க. இல்லன்னாலும் எனக்கு ஒண்ணும்...” என்று இழுத்தார் அத்தான்.

அக்கா எழுந்தாள். எச்சில் இலையை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். நேராகப் பெண்கள் குளிக்கிற பக்கம் நடந்தாள். அம்மா, “ஏட்டி, பட்டு! பட்டு!” என்று கத்தினாள். அக்கா அந்தப் பரிசப் புடவையோடே போய் அருவிக்கு நேர் கீழே நின்றாள். பட்டு வியாபாரம் தெரிந்தவன் நான். அந்தச் சாயம் தண்ணீருக்கு நிற்காது. அவள் காலடியில் பாறை நெடுக அரக்கு நிறத்தில் ஓடியது. வெளியே வந்தபோது புடவை திட்டுத்திட்டாக வெளுத்து, சரிகை சுருண்டு, கந்தலாக ஒட்டிக்கொண்டிருந்தது. தலைமுடி சொட்டச் சொட்ட வந்து அத்தான் நின்ற பாறைக்கு எதிரே நின்றாள்.

“திருப்பிக் குடுக்கதுக்கு இனிமே பொடவை இல்ல அத்தான். என்னமும் சொல்லணும்னா நீங்கதான் சொல்லணும். சொல்லுதியளா?”

கல்லூரி, கப்பல், இத்தாலி எல்லாம் பார்த்த வாய். ‘வேண்டாம்’ என்ற ஒரு வார்த்தை அதிலிருந்து வரவில்லை. கைக்குட்டையைத் தேடினார். அக்கா குளிரில் வெடவெடவென்று நடுங்கினாள். மாமா எழுந்து போனார். மகன் கையிலிருந்த குடையைப் பிடுங்கிப் போட்டார். சின்னப் பிள்ளைக்குக் கழற்றுவதுபோல அந்தக் கோட்டைக் கழற்றி, அக்காமேல் போர்த்தினார். “நான் சொல்லுதேன் தாயி. இவன் ஒனக்கு வேண்டாம். பழி எங்க வீட்டோட போட்டும்” என்றார். மகன் வாயிலிருந்து வர வேண்டியதைத் தகப்பன் சொல்லும்படி ஆயிற்று. இத்தாலிக்காரப் பையனுக்கு என்ன விளங்கிற்றோ, எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டான். அன்று சாயங்காலமே மாமா அவனைத் தென்காசிக்குக் கூட்டிவந்து, மாடு கட்டிய வாசலுள்ள வீட்டிலேயே தங்க வைத்தார்.

அத்தான் மெட்ராஸில் உத்தியோகத்துக்குப் போய்விட்டார். போன கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தான். அத்தான் அனுப்பிய ஆள். எதற்கு என்கிறீர்கள்? அக்காவிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவா? கோட்டைக் கேட்டு! அதைக்கூட ஆள் விட்டுத்தான் கேட்டார். அக்கா உள்ளேயிருந்து வந்து, “குடுக்கமாட்டேன்னு சொல்லல. அவரு கோட்டு, அவரே வந்து வாயால கேக்கட்டும். அந்த நிமிஷமே குடுத்துருதேன்னு சொல்லு” என்றாள். அடுத்த தையில் புளியறையில் இருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையாக வந்தவர் எங்கள் பெரியவர்களை விட்டுவிட்டு முதலில் அவளிடம், “உனக்குச் சம்மதமா?” என்று கேட்டார். அவர்தான் உங்கள் மாமா. கல்யாணமாகிப் புளியறைக்குப் போகும்போது, அத்தான் என்றைக்காவது கேட்டு வந்தால் கொடுக்கச் சொல்லி, அக்கா கோட்டை இங்கேயே விட்டுப் போனாள்.

அத்தானை நான் வெறுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். வெறுப்பதற்கு எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டும். அவர் வெளிநாடு போனது தப்பில்லை, என் அக்காவைப் பிடிக்காமல் போனதும் தப்பில்லை. நீங்களும் படியுங்கள், எங்கே வேண்டுமானாலும் போங்கள். அங்கே ஒரு கிழவி அறுந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தால், தையற்காரன் தைத்தான் என்று ஊரில் வந்து சொல்லாதீர்கள். பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் அத்தை ஒவ்வொரு கோடையிலும் புளியறையிலிருந்து வரும்போது கோட்டை வெயிலில் உதறிப் போட்டுப் பொத்தான்களைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். இந்த ஆனியிலும் போர்த்திக்கொள்ளுங்கள், ஒருவரை ஒருவர் கடிக்காமல். விடிந்ததும் மட்டும் மறக்காமல் வாசலுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுங்கள். கேட்டு வருகிறவர் உள்ளே வர வேண்டிய அவசியம்கூட இல்லை, படியில் நின்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், எடுத்துக் கொடுத்துவிடலாம். அந்த ஆணிக்குத் துரு ஏறிவிட்டது, இந்தச் சாரல் முடிந்ததும் வேறு ஆணி அடிக்க வேண்டும்.